எவர்சில்வரில் எழுதிய பெயர்கள்

கொங்கு வீடுகளின் பரண்மேல் அடுக்கியிருக்கும் சீர்ப் பாத்திரங்களும் ஒருவகையில் நமது கல்வெட்டுகளே. பெயர், ஊர், நாள் எல்லாம் அவற்றில் உண்டு.

குன்னத்தூருக்குத் தென்கிழக்கே, நொய்யல் கரைக் கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளும், தமிழி எழுத்தில் ஆட்பெயர் கீறிய பானையோடுகளும் அகழாய்வில் கிடைத்தன. பானையில் கீறுவது எளிது. அனுப்பர்பாளையத்துப் பித்தளையும் செம்பும்கூட உளிக்கு இணங்கியவை. எவர்சில்வர் அவ்வாறு இணங்கவில்லை.

1912இல் ஜெர்மனியின் குருப் நிறுவனம் காப்புரிமை கோரிய குரோமிய நிக்கல் எஃகின் வழிவந்தது அது. 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த வகை, உளி உரசிய இடத்திலேயே மேலும் இறுகிவிடும். சூடும் எளிதில் பரவாது. ஆகவே கோடு இழுப்பதைவிடப் புள்ளி வைப்பதே உகந்த வழி. ஓரிடத்தில் ஓர் அடி, உடனே அடுத்த இடம். ஓலை கிழியுமென்று புள்ளியைக் கைவிட்ட தமிழெழுத்து, எவர்சில்வரில் முழுவதும் புள்ளியாகவே மாறியது வேடிக்கைதான். பின்னர் வந்த அதிரும் மின்கருவியும் செய்வது அதையே, விரைவாக.

நிலப்பத்திரங்களில் இடம்பெறாத எத்தனையோ பெண்களின் பெயர்கள் இந்தக் குடங்களிலும் தூக்குப்போசிகளிலும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. பழைய பாத்திரத்தை எடைக்குப் போடும்போது அவையும் உலைக்குப் போகின்றன.