லவங்கப்பட்டை டோனட்டும் டச்சுக்காரர்களும்

திருவண்ணாமலை ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் இட்லிக் கடைகளோடு கேக், குக்கீ விற்கும் கடைகளையும் பார்க்கலாம். பால் பிரண்டன் என்ற ஆங்கிலேயர் ரமணரைச் சந்தித்தது பற்றி எழுதிய நூல் 1934இல் வெளிவந்தது. அதன் பிறகு மேல்நாட்டு அன்பர்கள் அதிகமாக வரத் தொடங்கினர். காலப்போக்கில் அவர்கள் ஊர்த் தின்பண்டங்களும் இங்கே வந்து சேர்ந்தன.

அந்த வகைப் பண்டங்களில் வீட்டிலேயே சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்று, லவங்கப்பட்டைச் சர்க்கரையில் புரட்டிய குட்டி டோனட். எண்ணெயில் பொரிக்க வேண்டாம், அவனில் சுட்டால் போதும். அரை மணி நேர வேலைதான். ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் வரலாறு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது!

டோனட் வந்த வழி

17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அமெரிக்காவில் நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற ஊரை அமைத்தனர். இன்றைய நியூயார்க் அதுதான். அவர்கள் கொண்டுபோன பண்டம் 'ஒலிகுக்'. கிட்டத்தட்ட நம்ம ஊர் எண்ணெய்ப் பணியாரம் மாதிரி. 1664இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது, பண்டம் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. 1809இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய நூலில் 'டோனட்' என்ற பெயரையே காணலாம்.

பட்டை வந்த வழி

அதே காலத்தில் அதே டச்சுக்காரர்கள் இந்தப் பக்கம் என்ன செய்து கொண்டிருந்தார்கள்? 1656இல் கொழும்பையும், 1658இல் யாழ்ப்பாணத்தையும் நம் நாகப்பட்டினத்தையும் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் குறி லவங்கப்பட்டை. ஈழத்தமிழில் அதன் பெயர் கறுவா.

அப்போது கறுவா காட்டில் தானாக வளர்ந்தது. அதை உரிப்பது சலாகம என்ற சமூகத்தின் கட்டாய ஊழியம். அவர்களுடைய முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த நெசவாளர்கள் என்பது வழிவழிச் செய்தி. இளவயதிலேயே ஊழியம் தொடங்கிவிடும். ஆண்டுதோறும் இத்தனை பட்டை என்று அளவு உண்டு. அனுமதியில்லாமல் உரித்தாலோ விற்றாலோ மரண தண்டனை வரை போகும்.

1760இல் உரிப்பவர்களும் விவசாயிகளும் கிளர்ந்தெழுந்தார்கள். கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் அவர்களுக்குத் துணை நின்றார். இவர் தமிழகத்திலிருந்து சென்ற நாயக்கர் வம்சத்தவர். போர் மூண்டது. 1766 ஒப்பந்தத்தில் கண்டி தன் கடற்கரை முழுவதையும் இழந்தது.

காட்டை நம்பினால் இப்படிச் சிக்கல் வரும் என்று டச்சுக்காரர்களுக்குப் புரிந்தது. ஆளுநர் ஃபால்க் காலத்தில் கொழும்பு மருதானையில் கறுவாவைத் தோட்டமாகவே பயிரிட்டார்கள். கொழும்பில் 'கறுவாத்தோட்டம்' என்ற இடப்பெயர் அந்தக் காலத்தின் அடையாளம்தான். 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். கறுவா வணிகத்தின் ஏகபோகம் 1833இல்தான் ஒழிந்தது.

அரை மணி நேரம் ஆனது எப்படி?

ஈஸ்ட் போட்ட மாவு உப்ப மணிக்கணக்காகும். 1843இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்ற மருந்துக்கடைக்காரர் பேக்கிங் பவுடரை உருவாக்கினார். காரணம், அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் இன்று நமக்கு அவசர டோனட் சாத்தியமாகிறது.

செய்முறை

மைதா 1 கப், சர்க்கரை கால் கப், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. இவற்றோடு அரை கப் பால், கால் கப் தயிர், 2 டேபிள்ஸ்பூன் உருக்கிய வெண்ணெய் சேர்த்து மெதுவாகக் கலக்கவும். மாவை ஊற வைக்கக் கூடாது, வாயு வெளியேறிவிடும். குட்டி மஃபின் தட்டில் ஊற்றி 180 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம் சுடவும். அவன் இல்லையா? பணியாரக்கல்லில் மூடி போட்டு, சிறு தீயில் திருப்பிவிட்டுச் சுடலாம். சூட்டோடு வெண்ணெயில் தோய்த்து, கால் கப் சர்க்கரையும் 1 டீஸ்பூன் பட்டைத் தூளும் கலந்து புரட்டி எடுத்தால் முடிந்தது.

பட்டை வாங்கும்போது கவனியுங்கள். தடிமனாக ஒரே அடுக்காகச் சுருண்டிருந்தால் அது காசியா. மெல்லிய ஏடுகள் பல ஒன்றுக்குள் ஒன்றாகச் சுருண்டிருந்தால் அதுதான் இலங்கைக் கறுவா. அந்த ஏடுகளை இன்றும் மனிதர்கள் கையால்தான் உரிக்கிறார்கள். நாம் அரை மணி நேரத்தில் செய்து முடிக்கும் பண்டத்தில் அவர்களுடைய உழைப்பும் அவர்கள் முன்னோர் பட்ட பாடும் கலந்திருக்கிறது.