உவர் நிலத்தில் நெல்: நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பயன்படுத்துவது எப்படி?

நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நட்ட சில நாள்களிலேயே இலை நுனி கருகி, தூர் கட்டாமல், பயிர் திட்டுத் திட்டாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பாக்டீரியா உரம் போட்டால் உப்பு போய்விடும் என்று நம்பிச் செலவு செய்பவர்களும் உண்டு. பாக்டீரியா உப்பை வெளியேற்றாது. அது நல்ல தண்ணீரும் வடிகாலும் செய்யும் வேலை. வடித்த பிறகும் மண்ணில் தங்கும் உப்பைப் பயிர் தாங்கி வளர பாக்டீரியா உதவும்.

எப்படி உதவுகிறது?

உப்பு கூடும்போது வேரில் எத்திலீன் அதிகமாக உருவாகி, வேர் வளர்ச்சி தடைபடும். சூடோமோனாஸில் சில ரகங்கள், எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளைச் சிதைத்துத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. வேறு சில பாக்டீரியாக்கள் வேரைச் சுற்றிப் பசை போன்ற பொருளைச் சுரந்து, சோடியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைக்கின்றன. அசோஸ்பைரில்லம் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்துவதுடன் வேர் வளர்ச்சி ஊக்கிகளையும் தருகிறது.

முதலில் மண் பரிசோதனை

மின் கடத்தும் திறன் 4 டெசிசைமனுக்கு மேலும், கார அமில நிலை 8.5-க்குக் கீழும் இருந்தால் அது உவர் நிலம். இதற்கு ஜிப்சம் தேவையில்லை. வரப்புக் கட்டி, நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்தால் போதும். கார அமில நிலை 8.5-க்கு மேல் இருந்து சோடியமும் மிகுந்திருந்தால் அது களர் நிலம். பரிசோதனை அறிக்கையில் சொன்ன அளவு ஜிப்சம் இட்டு, நீர் தேக்கி வடித்த பிறகே நடவு செய்ய வேண்டும்.

ஏக்கருக்குப் பயன்படுத்தும் அளவு

* விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸை 1 லிட்டர் தண்ணீரில் கலந்து, இரவு முழுவதும் விதையை ஊறவைத்து முளைகட்டவும்.
* நாற்று நனைத்தல்: அசோஸ்பைரில்லம் 400 கிராமை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, நாற்றின் வேரை 15 முதல் 30 நிமிடம் நனைத்து நடவும்.
* நடவு வயல்: அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா தலா 800 கிராமை 10 கிலோ மக்கிய தொழு உரம், 10 கிலோ மண்ணுடன் கலந்து நடவுக்கு முன் தூவவும்.

கவனிக்க வேண்டியவை

உப்பு நிலத்தில் பெரும்பாலும் கரிமச்சத்து குறைவு. உணவில்லாத மண்ணில் பாக்டீரியா நிலைக்காது. எனவே தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழவும். ரசாயன உரத்துடனோ பூஞ்சாணக்கொல்லியுடனோ பாக்டீரியாவைக் கலக்கக் கூடாது. பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்கி, நிழலில் வைத்திருந்து, மாலையில் இடவும். களர் நிலத்துக்கு டிஆர்ஒய் 3, உவர் நிலத்துக்கு கோ 43 போன்ற தாங்கும் ரகத்தைத் தேர்வு செய்யவும். ரகம் பொருந்தாவிட்டால் பாக்டீரியா மட்டும் பயிரைக் காப்பாற்றாது.

முதல் முறை பயன்படுத்துபவர்கள், ஒரே மாதிரி மண்ணுள்ள வயலில் ஒரு பாத்திக்கு மட்டும் பாக்டீரியா இடாமல் விட்டுவையுங்கள். நட்ட 30-ஆம் நாள் இரண்டிலும் தூர்களை எண்ணிப் பாருங்கள். அறுவடையில் மகசூலைத் தனித்தனியே எடை போடுங்கள். அடுத்த பருவத்திலும் இதற்குச் செலவு செய்யலாமா என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்யலாம்.