அடங்காப் பிள்ளைகள்: நெல்லைப் புனைகதையில் ஒரு தேடல்

எட்டயபுரம் சின்னசாமி ஐயர் தம் மகனைத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பியது 1894இல். ஆங்கிலமும் கணக்கும் கற்று மகன் பெரிய நிலைக்கு வருவான் என்பது தந்தையின் கனவு. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1910இல், அந்த மகன் எழுதி வெளியிட்ட தன்வரலாற்றுப் பாட்டின் பெயரும் 'கனவு' என்பதேயாகும். நெல்லைக்குத் தம்மைப் படிக்க அனுப்பியதைச் சிங்கக்குட்டியைப் புல் மேய விட்டதற்கு ஒப்பிடுகிறார் பாரதியார். தந்தைக்குப் பொருட்செலவு, தமக்குத் தீமை என்று அந்தக் கல்விக்குக் கணக்கும் தீர்க்கிறார். உயர்நிலைப் பள்ளியின்மீது இத்தனை சினம் கொண்ட தமிழ்க் கவிதை வேறொன்றைக் காட்டுவது எளிதன்று.

ஆனால் அது பள்ளிச் சிறுவனின் குரல் அன்று. இருபத்தேழு வயதினர் திரும்பிப் பார்த்துச் சொன்னது. எட்டயபுரச் சூழலைக் கேலி செய்யும் 'சின்னச் சங்கரன் கதை'யில் ஒரு சிறுவனையே நடுநாயகமாக வைத்தார். அதுவோ முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது.

பதின்பருவத்தார் தம் குரலிலேயே பேசும் கதைமரபு அமெரிக்காவில் வலுப்பெற்றது 1960களில். ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரில் உயர்நிலைப் பள்ளி மாணவியாக இருந்தபோதே எஸ்.இ. ஹின்டன் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தது. பெண் எழுதியது என்று தெரிந்தால் மதிப்புரைஞர் ஒதுக்கிவிடக்கூடும் எனக் கருதிய பதிப்பகத்தார் பெயரின் முதலெழுத்துகளை மட்டுமே அச்சிட்டனர். 1974இல் ராபர்ட் கார்மியர் எழுதிய 'தி சாக்லேட் வார்', பள்ளிக்காகச் சாக்லேட் விற்க மறுக்கும் ஒரு மாணவனின் கதை. அவன் செய்ததெல்லாம் 'மாட்டேன்' என்று சொன்னதுதான். அதற்காகப் பள்ளியே திரண்டு அவனை அடித்து வீழ்த்துகிறது. இந்நூலைப் பள்ளி நூலகங்களிலிருந்து நீக்கக் கோரிய பெற்றோர் பலர்.

அங்கே இவ்வாறெனில் இங்கே எதுவுமே இல்லை என்று கூறுவது பிழை. தாமிரபரணிக் கரையின் பெருங்குளத்தில் 1872இல் பிறந்த அ. மாதவையா, 'விவேக சிந்தாமணி' இதழில் சாவித்திரி என்னும் பெண்ணின் கதையைத் தொடராக எழுதத் தொடங்கியது 1892இல். அப்போது அவருக்கு வயது இருபது. தொடர் இடையிலேயே நின்றது. 1903இல் அதுவே 'முத்துமீனாட்சி' என நூலுருப் பெற்றது. குழந்தை மணம், கைம்மை என்னும் இரண்டு கொடுமைகளையும் அனுபவித்த அந்தணப் பெண் ஒருத்தி 'நான்' என்று பேசுகிறாள். ஹின்டனுக்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே, இளைஞர் ஒருவர் தம்மினும் இளையவளுக்குக் குரல் கொடுத்திருக்கிறார். 'பத்மாவதி சரித்திர'த்துக்குக் கிடைத்த புகழ் இந்தச் சிறு நூலுக்குக் கிடைக்கவில்லை. துணிவில் இதுவே மூத்தது.

மாணவர் கலகம் வரலாற்றில் வெடித்த நாள் 1908 மார்ச் 13. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைக் கேட்டுத் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. இந்துக் கல்லூரி மாணவர்களும் வீதிக்கு வந்தனர். நகராட்சி அலுவலகம் எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' (2022) அந்நாளை ஆவணங்களிலிருந்து மீட்டுத் தருகிறது. அன்று காலை புத்தகப் பையுடன் புறப்பட்ட பையன், மாலையில் வீடு திரும்பித் தந்தையிடம் என்ன சொன்னான் என்பதை ஆவணங்கள் சொல்லமாட்டா. அது கதைக்காரர் வேலை.

1986 வரை நெல்லை மாவட்டத்தில் அடங்கியிருந்த கோவில்பட்டிக் கரிசலிலிருந்து 1982இல் பூமணியின் 'வெக்கை' வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம், தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையைத் துண்டிக்கப் போய் உயிரையே பறித்துவிடுகிறான். பின்னர்த் தந்தையும் மகனும் காட்டிலும் கரட்டிலும் ஒளிந்து திரிகின்றனர். அமெரிக்கக் கதைகளில் பிள்ளை பெரும்பாலும் பெற்றோரை எதிர்த்தே கலகக்காரனாகிறான். இங்கோ குடும்பம் முழுவதும் பிள்ளையின் பக்கம் நிற்கிறது. அவனைப் பசியோடு விடாமல் சோறு தேடித் தருகிறார் தந்தை. பழைய கதைகளைச் சொல்கிறார். மண்ணும் சாதியும் சேர்ந்து நெருக்கும் ஊரில், கலகம் தலைமுறைகளுக்கு இடையே நிகழ்வதில்லை; தலைமுறை கடந்து கைமாறுகிறது. 'வெக்கை'யின் பெருமை இதுவே. ஆயினும் அதன் களம் வகுப்பறை அன்று.

வகுப்பறைக்குள் நுழைந்தவர் மாரி செல்வராஜ். 2018இல் வந்த 'பரியேறும் பெருமாள்' திருநெல்வேலிச் சட்டக் கல்லூரியைக் காட்டியது. 2024இல் வந்த 'வாழை', பள்ளி விடுமுறையில் வாழைத்தார் சுமக்கும் சிறுவனைக் காட்டியது. இவை திரைப்படங்கள். ஏட்டில் எழுதுவோர் இன்னும் பின்தங்கியே உள்ளனர்.

இதற்கிடையே 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புப் பட்டியலின மாணவர் ஒருவரை, உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். தடுக்க வந்த தங்கையும் காயமுற்றார். வெட்டியவர்களைச் செய்தித்தாள்கள் அடங்காத பிள்ளைகள் என எழுதக்கூடும். உண்மையில் அவர்கள் அடங்கிய பிள்ளைகள். ஊர் கற்பித்ததை ஒப்பித்தவர்கள். தமக்கு இழைக்கப்பட்ட துன்பத்தைப் பள்ளியில் புகாராகச் சொன்ன அந்த மாணவரே அடங்காதவர். கார்மியரின் சாக்லேட் விற்க மறுத்த பையன் கற்பனை. இவர் நெல்லை மாவட்டத்து மாணவர்.

அந்நிகழ்வை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. மாணவர் மணிக்கட்டில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. முதன்முதலாக அக்கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ளும் பிள்ளை அன்றைக்கு என்ன நினைக்கிறான், அதைக் கழற்றிவிட நினைக்கும் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்வான் என்பவற்றைக் குழு அறிக்கை எழுத இயலாது. இருபது வயதில் மாதவையா சாவித்திரியைப் பேசவைத்த பெருங்குளத்திலிருந்து நாங்குநேரிக்குத் தொலைவு அதிகமில்லை.