அவையடக்கமும் ஒற்றை நட்சத்திரமும்

1907 மார்ச் 10, சென்னை விக்டோரியா ஹால். மேடையில் இருப்பவருக்கு வயது முப்பத்திரண்டு. திருவிதாங்கூரின் தென்கோடியில், இடலாக்குடியில் பிறந்தவர். பெயர் செய்குத்தம்பிப் பாவலர். அன்று அவர் செய்து காட்டியது சதாவதானம். அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனத்தை வைத்திருப்பது.

அவதானம் எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், அதற்கு முந்தைய அடிகளை மேடையில் இருப்பவர் கட்ட வேண்டும். இன்னொருவர் கணக்குக் கேட்பார். இன்னொருவர் ஏதோ ஒரு தேதியைச் சொல்லி அது என்ன கிழமை என்பார். பின்னால் நிற்பவர் முதுகில் நெல்லோ சிறு கல்லோ எறிந்துகொண்டே இருப்பார், கடைசியில் மொத்தம் எத்தனை விழுந்தது என்று சொல்ல வேண்டும். நடுவில் மணி அடிக்கும், அதையும் எண்ண வேண்டும். தெலுங்கு அவதானத்தில் 'அப்ரஸ்துத பிரசங்கம்' என்று ஓர் இடமே உண்டு. சம்பந்தமில்லாமல் பேசி, வம்பிழுத்து, அவதானியின் கவனத்தைக் கலைப்பதுதான் அவர் வேலை. நாங்கள் ஆபீஸில் லோட் டெஸ்டிங் என்று சர்வரைப் போட்டு வதைப்பதன் மனித வடிவம். வம்பனுக்கு மேடையிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்த கலை உலகத்தில் வேறு எத்தனை இருக்கும் என்று யோசித்ததுண்டு.

பாவலரைப் பற்றி எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. ஓர் அவையில் அவருக்கு ஈற்றடி கொடுத்தவர், ராமன் ஒரு துருக்கனுக்குத் துணை என்று பொருள் வரும்படி கொடுத்தார். துருக்கன் என்றால் அன்றைய பேச்சில் முஸ்லிம். கேட்டவரின் குறும்பு யாருக்கும் புரியும்: நீ இஸ்லாமியன், ராமனைப் பாடு பார்ப்போம். பாவலர் ராமனின் தம்பிகளை வரிசையாக அழைத்து வந்தார். முந்தைய அடியின் கடைசியில் 'சத்' என்ற அசையை வைத்தார். அவ்வளவுதான். துருக்கன் சத்துருக்கன் ஆகிவிட்டான். ராமன் தன் தம்பிக்குத் துணை, இதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? கொடுத்த அடியில் ஓர் எழுத்தைக்கூட அவர் மாற்றவில்லை.

இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் பஸ் பிடித்தால் இடலாக்குடிக்கு அரை மணி நேரச் சொச்சம். இந்தப் பக்கத்துக் கதைகளைப் பேசுவதற்காக மூன்று வருஷமாக நான் ஒரு பாட்காஸ்ட் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு, மாடி அறையில், ஃபேனை அணைத்துவிட்டுப் பதிவு செய்வது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, இருபத்து மூன்று எபிசோட். விமர்சனங்கள் மட்டும் ஒழுங்காக வருகின்றன. "கொரலக் கேட்டா தூக்கம் வருகு. ஒரு ஸ்டாரே கூடுதல்." "கம்ப்யூட்டர் தட்டுகவனுக்கு எதுக்குடே சரித்திரம்?" இவை பரவாயில்லை. இரண்டாவதைப் படித்துவிட்டு நானே சிரித்தேன், நல்ல வாக்கியம். ஆனால் முத்துப்பட்டன் கதையைப் பேசிய பிறகு வந்தவை வேறு மாதிரி. "யாருக்க ஆளுடே நீ?" என்று ஒருவர். அதே கேள்வியை நேர் எதிர்த் திசையிலிருந்து இன்னொருவர். அதற்கு வருகிறேன்.

கேட்பவரின் கோபத்தை இந்த ஊர் மேடை எப்போதோ கணக்கில் எடுத்துக்கொண்டுவிட்டது. வில்லுப்பாட்டில் காப்பு, வருபொருள், குருவணக்கம் பாடியதும் அவையடக்கம் பாடுவார்கள். சொற்குற்றம் பொருட்குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நாங்கள் சிறு பிள்ளைகள் என்று அவையிடம் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் நுழைவது. கம்பனே செய்திருக்கிறான். சின்ன வயதில் எனக்கு இது வெறும் சம்பிரதாயமாகத் தெரிந்தது. அப்படியில்லை என்று பெரியம்மைதான் சொல்லித் தந்தாள். கொடை நாளில் வில்லுக்கு முன்னால் முதல் வரிசையில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. சுடலைமாடன் கதையும் இசக்கி கதையும் அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். புலவர் ஒரு கண்ணியைத் தாண்டிப் போனால் முணுமுணுப்பு கிளம்பும். "பாட்டு பெசகுனா சாமி வராது மக்கா" என்பாள். அதாவது அங்கே மோசமான விமர்சனம் என்பது நட்சத்திரம் குறைவது இல்லை, தெய்வம் இறங்காமல் போவது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இந்த மாவட்டத்தில் தங்கி வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988இல் புத்தகமாக எழுதினார். கதையும் சடங்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை அதில் விரிவாகப் பார்க்கலாம். கேட்பவர் அங்கே வெறும் ரசிகர் இல்லை, வழிபாட்டில் பாதி அவர்தான்.

சரி, அவையடக்கம் பாடியும் அடி விழுந்தால்?

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், சைவச் சூழலில் வளர்ந்தவர், பதிப்பித்ததோ சமண காவியம். பாராட்டோடு கண்டனங்களும் வந்தன. துண்டுப் பிரசுரமாக அச்சடித்துப் பரப்பினார்கள். 'என் சரித்திர'த்தில் அந்த நாட்களின் மனக்கஷ்டத்தை அவர் மறைக்கவில்லை. தமிழ்த் தாத்தா என்று நாம் படத்தில் பார்க்கும் முகம் அப்போது கிடையாது. முப்பது சொச்சம் வயது, என் வயதுதான். பதில் எழுதவும் உட்கார்ந்தார். கல்லூரியில் அவருக்கு மூத்தவர் ஒருவர் தடுத்துவிட்டார். இதில் இறங்கினால் உங்கள் காலமெல்லாம் இதற்கே போய்விடும் என்பது அவர் சொன்னதன் சாரம். கேட்டுக்கொண்டார் ஐயர். அடுத்து நடந்ததைத் தேதியோடு சொன்னால் போதும்: 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு, திருத்தங்களோடு, 1907இல். பாவலர் விக்டோரியா ஹாலில் உட்கார்ந்த அதே வருஷம்.

பதில் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் அதே காலத்தில் உதாரணம் உண்டு. வள்ளலாரின் திருவருட்பா 1867இல் அச்சானது. அது அருட்பா இல்லை மருட்பா என்று ஆறுமுக நாவலர் தரப்பு கிளம்பியது. மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு, கோர்ட்டுப் படி. 1874இல் வள்ளலார் போனார், 1879இல் நாவலர் போனார், சண்டை போகவில்லை. 1900களில் நாவலர் பக்கத்துக்கு நா. கதிரைவேற்பிள்ளை வந்தார். அருட்பா பக்கத்துக்கு மறைமலையடிகள் வந்தார், கூடவே நம்ம இடலாக்குடிப் பாவலரும் வந்தார். சைவர்களுக்குள் நடந்த சண்டையில் ஓர் இஸ்லாமியப் புலவர் வள்ளலாருக்காக மேடையேறிப் பேசினார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கும். ஆனால் நாற்பது வருஷத்துக்கு அந்தப் பிரசுரங்கள் தின்ற காகிதத்தையும் நினைத்துப் பார்க்கிறேன்.

முணுமுணுக்கும் அவைக்குக் கலைஞன் கொடுக்கும் இன்னொரு பதில் உண்டு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏனென்றால் சத்தமில்லாமல் நடப்பது அது. கதையையே மாற்றிவிடுவது.

முத்துப்பட்டன் பிராமணன். காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரு சகோதரிகளைக் கண்டு, மணம் முடித்துத் தரும்படி அவர்கள் தகப்பன் வாலப்பகடையிடம் கேட்கிறான். வாலப்பகடை சக்கிலியர். பூணூலைக் கழற்று, செருப்புத் தைக்கப் பழகு, பிறகு பேசலாம் என்கிறான் அவன். பட்டன் அப்படியே செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. மாட்டைக் கவர வந்தவர்களோடு சண்டையிட்டு அவன் சாக, இரு பெண்களும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். நெல்லையிலும் நாஞ்சில் நாட்டிலும் தலைமுறைகளாக வில்லில் பாடிய கதை.

பாடுகிற வடிவத்தில் ஒரு முடிச்சு உண்டு. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு வாலப்பகடையால் எடுத்து வளர்க்கப்பட்டவர்கள். அப்படியென்றால் கலப்பு மணமே நடக்கவில்லை. யாருக்கும் சங்கடமில்லை. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்தபோது இதைத்தான் பிடித்தார். இது பின்னால் சேர்ந்த ஒட்டு, மேல்சாதியினரின் நிர்ப்பந்தம் கதைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது அவர் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. பிறப்பிலேயே பிராமணப் பெண்கள் என்றால் செருப்புத் தைக்கிற காட்சிக்கு அர்த்தமே கிடையாது. கதையின் எலும்பு ஒன்று சொல்கிறது, மேலே போட்ட துணி வேறொன்று சொல்கிறது.

அந்த ஒட்டைப் போட்ட முகம் தெரியாத புலவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் எதிரில் இருந்தது அநாமதேய ஐடி இல்லை. நிலம் வைத்திருப்பவன், கொடைக்குப் பணம் கொடுப்பவன், அடுத்த வருஷம் வில்லுக்கு அழைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவன். அவன் முகம் சுளித்தால் குடும்பம் பட்டினி. எனக்கு அப்படியா? ஒரு ஸ்டார் கொடுத்தவரால் என் சம்பளத்தில் பத்து பைசா குறைக்க முடியாது. ஆனாலும் அந்த இரண்டு விமர்சனங்களையும் படித்த இரவில் எடிட்டிங் சாஃப்ட்வேரைத் திறந்து, எபிசோடில் முப்பத்தெட்டாவது நிமிஷத்திலிருந்து ஆறு நிமிஷத்தைத் தேர்வு செய்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டிவிட்டு மறுபடி ஏற்றினால் யாருக்கும் தெரியாது. எங்கள் தொழிலில் ஃபோர்ஸ் புஷ் என்று ஒன்று உண்டு: பழைய வரலாறு அழிந்துவிடும், இருப்பது மட்டுமே எப்போதும் இருந்ததாக நிற்கும். முத்துப்பட்டனுக்கு நடந்தது கிட்டத்தட்ட அதுதானே.

ஆறு நிமிஷமும் இப்போதும் அங்கேதான் இருக்கிறது. "யாருக்க ஆளு" என்று கேட்ட இருவருக்கும் பதில் எழுதவில்லை. அடுத்த எபிசோடில் இரண்டு வடிவங்களையும் முழுசாகச் சொன்னேன், எங்கே தையல் தெரிகிறது என்பதையும் சொன்னேன். எழுபத்தைந்து நிமிஷம் போனது. தூக்கம் வருகிறது என்று எழுதியவர் இதற்கும் வந்தார். இந்த முறை இரண்டு ஸ்டார். காரணம் எழுதவில்லை.

அதற்குப் பிறகு பாபநாசம் மலைக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தேன். பட்டவராயன் என்ற பெயரில் முத்துப்பட்டனுக்கு அங்கே சன்னதி உண்டு. நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குக் கொண்டுவந்து வைப்பது செருப்பு. கனத்த தோல் செருப்பு, ஜோடி ஜோடியாக. என் முன்னால் நின்றிருந்த அண்ணாச்சி புதுச் செருப்பை மஞ்சள் பையிலிருந்து எடுத்து, வார் நேராக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வைத்தார்.