சுண்ணம் பூசிய கைகள்

வேங்கடமே தமிழுலகின் வட எல்லை எனத் தொல்காப்பியப் பாயிரம் வகுத்தது என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். அவ்வேங்கடத்தின் அடிவாரத்திலும் சித்தூர்ச் சீமையிலும் குடியமர்ந்து வாழும் நாம், ஆண்டு விழா வரும்போதெல்லாம் மன்னரையும் புலவரையும் ஆழ்வார்களையும் நினைந்து போற்றுகின்றோம். அது தக்கதே. ஆயினும், அம்மன்னர் வாழ்ந்த மாளிகைக்கும், அடியார் தொழுத கோபுரத்துக்கும், நாம் உறங்கி எழும் வீட்டுச் சுவருக்கும் சாந்து பூசி மெருகேற்றிய தொழிலாளியை நினைப்பார் மிகச் சிலரே.

அதற்கு அத்தொழிலின் இயல்பே காரணம் எனலாம். செங்கல்லை அடுக்கியவன் வேலையைப் பூச்சு மறைக்கின்றது. பூசியவன் வேலையை வண்ணம் மறைக்கின்றது. செம்மையாகப் பூசப்பட்ட சுவரில் நம் கண் நிற்பதே இல்லை. மேடும் பள்ளமும் தென்பட்டால் மட்டுமே, 'இதைப் பூசியவன் எவன்?' என்று கேட்கின்றோம். குறை இருந்தால் நினைக்கப்பட்டு, நிறை இருந்தால் மறக்கப்படும் அத்தொழிலின் வரலாற்றை இம்மலரில் சிறிது காண்போம்.

தமிழருக்குச் சுதை வேலை புதியதன்று. காவிரிப்பூம்பட்டினத்து மாடங்களில் வெண்சுதையால் உருவங்கள் ஆக்கப்பட்டிருந்ததை மணிமேகலை காட்டுகின்றது. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயிலை அமைத்து, செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி ஆக்கியது இது எனக் கல்வெட்டில் பொறித்தான். இவை இன்றிக் கட்டியதே பெருமை என்றால், அதற்கு முன்பு கோயில்கள் இவற்றாலேயே கட்டப்பட்டு வந்தன என்பது விளங்கும் அன்றோ? கற்றளிகள் பெருகிய பின்னரும் சுதை அழிந்துவிடவில்லை. கோபுரத்தின் அடிப்பகுதி கல்லாக நிற்க, மேல்நிலைகள் செங்கல்லாலும் சுண்ணத்தாலும் எழுந்தன. கோபுரத்துப் பொம்மைகள் எல்லாம் சுதைக் கலைஞரின் கைவண்ணமே.

நாம் வாழும் வட்டாரத்திலேயே இதற்குச் சான்றுகள் உண்டு. திருப்பதியை அடுத்த சந்திரகிரியில், விசயநகர மன்னரின் கடைசித் தலைநகர்களுள் ஒன்றாக விளங்கிய கோட்டையினுள், இராசமகால் என்னும் மூன்றடுக்கு மாளிகை இன்றும் நிற்கின்றது. கல், செங்கல், சுண்ணச் சாந்து ஆகிய மூன்றுமே அதற்குப் பொருள். மரம் பயன்படுத்தப்படவில்லை என்பர். அவ்வளவு பெரிய மாளிகையை நூற்றாண்டுகளாகப் பிணைத்து வைத்திருப்பது சாந்தின் வலிமை. காளத்தியில் கிருட்டிணதேவராயர் 1516-இல் எழுப்பிய பெருங்கோபுரம், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் நின்று, 2010-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் இடிந்து வீழ்ந்தது. அதன் இடத்தில் எழுந்த புதிய கோபுரம் 2017-இல் குடமுழுக்குக் கண்டது. திருமலைக் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. நிலம் அளித்தவர், விளக்கு எரிக்கப் பொன் கொடுத்தவர், நந்தவனம் வைத்தவர் என எத்தனையோ பேரை அவை பேசுகின்றன. சுண்ணம் அரைத்துச் சுவர் பூசியவன் பெயரைக் கல்லில் காண்பதோ மிக அரிது.

அவன் கையாண்ட பொருளின் விந்தையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயிலிட்டுச் சுட்டால் நீறாத சுண்ணாம்பு கிடைக்கும். நீர் தெளித்தால் அது கொதித்து நீறும். மணலுடன் கலந்து செக்கிலிட்டு அரைத்துச் சுவரில் பூசினால், காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று மீண்டும் கல்லின் தன்மையை அடையும். கல்லைச் சுட்டுப் பொடியாக்கிப் பின்னர் சுவரிலே கல்லாக்கும் இவ்வித்தையை, வேதியியல் நூல் எதுவும் பயிலாத நம் முன்னோர் பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

சாந்து வலுப்பெற அவர்கள் சேர்த்த பொருள்களைக் கேட்டால் சமையலறையின் நினைவு வரும். வெல்லம், கடுக்காய், பயறு வேகவைத்த நீர், மெருகுப் பூச்சுக்கு முட்டையின் வெண்கரு, நெய், மோர் என்பனவே அவை. பளிங்கு போல் ஒளிவிட்ட இப்பூச்சு 'மதராசுச் சுண்ணம்' எனப் பிற நாட்டவரிடையே பெயர் பெற்றது. செயிண்ட் எலினாத் தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக் என்பார் சென்னையில் மிகச் சிறந்த சாந்து செய்யும் முறையை எழுதி அனுப்ப, இலண்டன் ராயல் சொசைட்டி அதனை 1732-இல் தன் ஆய்விதழில் வெளியிட்டது. மேனாட்டு அறிஞர் அவை ஏற்றுப் படித்த அறிவு, தென்னாட்டுக் கொத்தனாரின் கைப்பழக்கத்தில் விளைந்தது. கட்டுரையில் ஆளுநரின் பெயர் நின்றது; கொத்தனார் இங்கும் பெயரற்றவராகவே நின்றார்.

இனி, இத்தொழிலாளி இச்சீமைக்கு வந்த வழியைக் காண்போம். இன்று அவனை 'வெளி மாநிலத்தான்' என்கின்றோம். வரலாறோ வேறு வகையாகப் பேசுகின்றது. 1911-க்கு முன்பு சித்தூரே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். வேலூரிலிருந்தோ ஆரணியிலிருந்தோ கரணையை எடுத்துக்கொண்டு சித்தூருக்கு வேலைக்கு வந்தவன், தன் மாவட்டத் தலைநகருக்கே வந்தான். 1911-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. அப்போதும் இரண்டும் சென்னை மாகாணத்திலேயே இருந்தன. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் அதனுடன் சென்றது. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியையும், படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்பிரலில் திருத்தணி தமிழகத்தோடு இணைந்ததையும் நம் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நிலைத்தன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகவும் ஆயிற்று.

கோடு வரைந்தவர் வரைந்தனர். கொத்தனார் பழைய வழியிலேயே நடந்தார். அவர் இடம் பெயர்ந்ததினும் எல்லை பெயர்ந்ததே மிகுதி எனலாம். தெலுங்கில் அவரைத் 'தாபி மேஸ்திரி' என்பர். தாபி என்பது கரணை. நாம் சுண்ணாம்பு என்பதை அவர்கள் சுன்னம் என்பர். பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. சாரத்தின் மேல் தமிழும் தெலுங்கும் ஒரே பலகையில் நின்று வேலை செய்தன. 1954-இல் திருவேங்கடவன் பல்கலைக்கழகம் தொடங்கப்பெற்றது; சத்திரங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் குடியிருப்புகளும் பெருகின. அத்தனைக்கும் பூசும் கைகள் வேண்டியிருந்தன.

இதற்கிடையே பொருளும் மாறியது. இங்கிலாந்தில் சோசப்பு ஆசுபிடின் என்பார் 1824-இல் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமம் பெற்றார். 1904-இல் சென்னையில் கிளிஞ்சலைக் கொண்டு சிமெண்டு செய்ய முயன்றனர், அது நிலைக்கவில்லை. 1914-இல் போர்பந்தரில் தொடங்கிய ஆலை வேரூன்றிய பின், இத்தொழில் நாடெங்கும் வளர்ந்தது. சுண்ணச் சாந்து தொழிலாளிக்காகக் காத்திருந்தது. அரைத்து வைத்ததை நனைத்து வைத்துப் பல நாள் கழித்தும் பூசலாம். சிமெண்டுச் சாந்தோ அரைமணிக்கெல்லாம் இறுகத் தொடங்கும். அதன் பின்னே தொழிலாளி ஓட வேண்டியதாயிற்று. காளவாய்க்காரரும் செக்கோட்டியவரும் பிழைப்பு இழந்தனர். சுவரைக் கல்லால் தேய்த்து மெருகேற்றும் கைத்திறன் பெரும்பாலான ஊர்களில் மறைந்தது. செட்டிநாட்டுப் பூச்சு என்னும் பெயரில் சிலர் இன்றும் அதனைக் காத்து வருகின்றனர்.

சிமெண்டு பூசுவதும் எளிய வேலையன்று. சுவரை நனைத்து, தூக்குக்குண்டு பிடித்து, மட்டம் குறித்து, சாந்தை வீசியெறிந்து, மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்க்க வேண்டும். உட்சுவரில் பூச்சின் கனம் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர். அதற்குள் சுவரின் கோணலையெல்லாம் மறைத்தல் வேண்டும். கூரையின் அடிப்புறம் பூசும்போது அண்ணாந்த கழுத்தோடு நாள் முழுதும் நிற்க வேண்டும். சிமெண்டின் காரம் விரல்களை அரிக்கும்.

கூலி நாட்கணக்கில் வரும். அல்லது சதுர அடிக் கணக்கில் வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் வெளிப்பூச்சு நின்றால் அடுப்பும் தணியும். சாந்து கலந்து சட்டியில் சுமந்து சாரத்துக்கு ஏற்றுபவள் பெரும்பாலும் பெண். அவளுக்குச் சித்தாள் என்று பெயர். அவளோடு சேர்ந்த இளைஞன் சில ஆண்டுகளில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகின்றான். அவளோ முதுமை வரை சித்தாளாகவே இருக்கக் காண்கின்றோம். இது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

இப்போது மற்றொரு மாற்றம் வந்துள்ளது. அமெரிக்காவில் அகத்தின் சாக்கெட்டு என்பார் 1894-இல் காகிதத்துக்கிடையே ஜிப்சம் வைத்துப் பலகை செய்யும் முறைக்கு உரிமம் பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் விரைந்து வீடு கட்ட வேண்டிய நெருக்கடியில் அப்பலகைகள் அங்கே ஈரப்பூச்சைப் பெரிதும் விலக்கிவிட்டன. இன்று நம் ஊர்களிலும் விடுதிகளின் மேற்கூரைகளையும் அலுவலகத் தடுப்புச் சுவர்களையும் அவை அணி செய்கின்றன. பலகையைத் திருகாணியால் பொருத்துவது ஒருவன் வேலை; பொருத்துவாய் தெரியாமல் செய்வது மற்றொருவன் வேலை. பின்னவன் இணைப்பின் மேல் காகிதப் பட்டையை ஒட்டி, ஒன்றினும் ஒன்று அகலமாக மூன்று முறை பட்டி பார்த்து, ஒவ்வொன்றும் உலரக் காத்திருந்து, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குகின்றான். கரணை மெல்லிய தகடாயிற்று, சாந்து வெண்பசையாயிற்று. சுவரைக் குறையின்றி மூடித் தன்னையும் மறைத்துக்கொள்ளும் பழந்தொழில் மட்டும் அதுவே.

அத்தேய்ப்பில் எழும் தூசி மூச்சில் சேரும். அமெரிக்காவில் பல்லாண்டுகள் இப்பசையில் கல்நார் கலந்திருந்தனர். நுரையீரலைக் கெடுக்கும் அக்கலவை 1977-இல் அங்கே தடை செய்யப்பட்டது. பிற நாட்டார் உயிர் கொடுத்துக் கற்ற பாடத்தை நம்மவர் ஒரு முகக்கவசத்தாலாவது கற்றுக்கொள்ளலாகாதா?

கல்வெட்டு மறந்த இத்தொழிலாளியைச் சட்டம் காலந்தாழ்த்தியேனும் நினைத்தது. 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரையே அது கருதியது. தானே வந்து வேலை தேடிக்கொண்டவரை 2020-ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டம் உட்படுத்தியது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமோ இவற்றினும் பெரிது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை தண்டி, அதைக் கொண்டு தொழிலாளர் நல வாரியம் நடத்த வழி செய்தது. பதினெட்டு முதல் அறுபது வயதுக்குட்பட்டவராய், முந்திய பன்னிரு திங்களில் 90 நாள் கட்டட வேலை செய்தவர் எவரும் பதிவு செய்துகொள்ளலாம் எனவும் வகுத்தது. 2020-இல் இயற்றப்பட்ட சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் இந்நெறியைத் தழுவியதே.

ஆனால், பதிவேட்டில் பெயர் இருந்தாலன்றி உதவி வாராது. சாரத்திலிருந்து விழுந்தவன் குடும்பம் வாரியத்தின் வாயிலில் நிற்கும்போது, 'இவன் 90 நாள் வேலை செய்தான்' என்று சொல்லத் தாள் வேண்டும். தெலுங்கு எழுத்தறியாமலும், இன்று ஒரு மேஸ்திரியிடமும் நாளை ஒருவரிடமும் வேலை பார்த்தும் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கு அத்தாளே மலையாக நிற்கின்றது.

அம்மலையை ஏற நாம் துணை நிற்கலாம். நம் காலனியில் இரு மொழியும் எழுதப் படிக்கத் தெரிந்தோர் பலர் உள்ளோம்; நம் பிள்ளைகள் தெலுங்கைப் பள்ளியிலேயே பயில்கின்றனர். மாதத்தில் ஒரு ஞாயிறு சங்கக் கூடத்தில் அமர்ந்து விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. நம் வீட்டுக்குப் பூச்சு வேலை செய்வோர்க்கு, சித்தாள் உட்பட, அவர் உழைத்த நாட்களைக் குறித்துக் கையொப்பமிட்டுத் தருவதும் நம்மால் இயலும். முத்தமிழ் வளர்க்கும் சங்கம் தமிழ் உழைப்பாளியின் பெயரையும் ஏட்டில் ஏற்றினால் அது தமிழ்த் தொண்டே ஆகும்.

சந்திரகிரி மாளிகையைப் பூசியவர் யார் என இனி எவரும் கண்டுபிடிக்க இயலாது. நம் வீட்டைப் பூசியவர் யார் என்பது நமக்குத் தெரியும். அப்பெயரைக் கேட்டு எழுதிவைப்போமாக.