அகா-போ மொழி

அகா-போ அல்லது போ என்பது அந்தமான் தீவுகளில் பேசப்பட்டு 2010 இல் அழிந்துபோன ஒரு மொழியாகும். இது பெரிய அந்தமானிய மொழிக் குடும்பத்தின் வடக்குப் பிரிவைச் சேர்ந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த போ பழங்குடியினர் இதைப் பேசி வந்தனர். இம்மொழியைப் பேசிய கடைசி நபரான போவா சீனியர் என்னும் மூதாட்டி, 2010 சனவரி 26 அன்று போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜய புரம்) ஏறத்தாழ 85ஆவது அகவையில் காலமானார்.

வரலாறு

1858 இல் பிரித்தானியர் போர்ட் பிளேரில் கைதிகள் குடியேற்றத்தை நிறுவியபோது பெரிய அந்தமானியர் பத்துக் குழுக்களாக வாழ்ந்தனர். ஒவ்வொரு குழுவுக்கும் தனி மொழி இருந்தது. வந்தேறியவர்களிடமிருந்து பரவிய நோய்கள், குறிப்பாக மேகப்புண்ணும் 1877 இன் தட்டம்மைக் கொள்ளைநோயும், இவர்களைப் பெருமளவில் அழித்தன. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேர்; அவர்களுள் போ குழுவினர் 48 பேர். 1931 இல் மொத்தம் 90 பேரே எஞ்சினர். போ குழுவினர் 6 பேர்.

எஞ்சியோர் 1970 வாக்கில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தப்பட்டனர். குழுக்கள் தம்முள் கலந்தமையால், ஜேரு மொழியை அடிப்படையாகக் கொண்ட ஒரு கலப்பு மொழி அவர்களிடையே உருவானது. இளையோர் இந்திக்கு மாறினர். பெற்றோர் இறந்தபின் போவாவுடன் போ மொழியில் உரையாட எவரும் இருக்கவில்லை. அவர் பறவைகளுடன் பேசிக்கொண்டிருந்ததாக ஆய்வாளர்கள் குறிப்பிட்டுள்ளனர். பறவைகளைத் தம் மூதாதையராகக் கருதுவது பெரிய அந்தமானியரின் நம்பிக்கையாகும்.

பதிவுகள்

தென் அந்தமானின் பேயா மொழிக்கு மேன், போர்ட்மன் ஆகிய ஆங்கில அதிகாரிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே விரிவான சொற்றொகுப்புகளை உருவாக்கினர். போ மொழிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை. 2005 முதல் சவகர்லால் நேரு பல்கலைக்கழக மொழியியலாளர் அன்விதா அப்பி, போவாவிடமிருந்து சொற்களையும் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்தார். ஆயினும் ஸ்ட்ரெய்ட் தீவில் அன்றாடம் வழங்கியது கலப்பு மொழியே. அப்பியின் அகராதியும் 2013 இல் வெளியான இலக்கணமும் அதனையே முதன்மையாக விவரிக்கின்றன. எனவே போ மொழிக்கே உரியதெனப் பிரித்துக் காட்டக்கூடியவை மிகச் சிலவே.

இயல்பு

"அகா" என்பது வாய், நா ஆகியவற்றோடு தொடர்புடைய முன்னொட்டு. ஆகவேதான் மொழிப் பெயர்களிலும் வருகிறது. இக்குடும்பத்தின் இலக்கணம் மனித உடலை ஏழு பகுதிகளாகப் பகுத்து அமைந்துள்ளது. தமிழில் "கை" என்று தனியே கூறலாம். இம்மொழிகளிலோ யாருடைய கை என்பதும் சொல்லோடு சேர்ந்தே வரவேண்டும்.

போவா இறந்தபோது, இது 65,000 ஆண்டுகள் பழமையான மொழி எனச் செய்தித்தாள்கள் எழுதின. இதை அப்படியே ஏற்பதற்கில்லை. அவ்வெண் அந்தமானியரின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட காலம் பற்றிய ஒரு மதிப்பீடு. எந்த மொழியும் அத்தனை காலம் மாறாமல் நிற்பதில்லை.

இதே குடும்பத்தின் சாரே மொழியைப் பேசிய கடைசி நபரான லிச்சோ 2020 ஏப்ரலில் காலமானார்.