மெமரி டெஸ்டில் 30-க்கு 22... மறதி நோய்தானா? ரிப்போர்ட்டை எப்படிப் பார்க்கணும்?

‘30-க்கு 22’ என்று ஒரு ரிப்போர்ட் வந்தால் போதும், வீட்டில் பேச்சே மாறிவிடும். பீரோ சாவி, பாஸ்புக், நிலப் பத்திரம் எல்லாம் பெரியவர் கையை விட்டுப் போக ஆரம்பிக்கும். நேத்து வரைக்கும் வயலுக்கு எப்போ தண்ணி வைக்கணும்னு சொன்னவர்தான் அவர். அந்த 22 உண்மையில் என்ன சொல்கிறது?

பரவலாக எடுக்கப்படும் சோதனை ‘எம்.எம்.எஸ்.இ.’ 1975-ல் அமெரிக்காவில் உருவானது. மொத்தம் 30 மார்க். 24-க்குக் கீழே போனால் கவனிக்கணும் என்பது வழக்கமான கணக்கு. மெமரி டெஸ்ட்னு பேர்தான். சற்று முன் சொன்ன மூணு வார்த்தைகளை ஞாபகப்படுத்திச் சொல்வதற்கு 3 மார்க் மட்டுமே. மத்ததெல்லாம் தேதி, இடம், கணக்கு, வாசிப்பது, ஒரு வாக்கியம் எழுதுவது, படம் பார்த்து வரைவது.

சிக்கலே இங்கேதான். தஞ்சாவூர் பக்கம் மூணாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி நடவுக்குப் போன ஒரு பாட்டியிடம் தேதி கேட்டால், ‘ஆவணி பத்து’ என்பார். ஆகஸ்ட் 26 என்று வராது. பேனா பிடித்தே ஐம்பது வருஷம் ஆகியிருக்கும். குறைவது மார்க், ஞாபகம் அல்ல.

படிப்பு எவ்வளவு மாத்தும்?

1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், 9 ஆண்டு அல்லது அதற்கு மேல் படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. நாலு ஆண்டு வரை மட்டும் படித்தவர்களுக்கு அது 22. அதாவது, அந்தப் பாட்டியின் 22, அவரைப் போல் படித்தவர்களின் நடுவில்தான் இருக்கிறது!

இதனால்தான் ஹரியானாவின் பல்லப்கரில் எழுத்தறிவில்லாத முதியோருக்காக இந்தச் சோதனை மாற்றப்பட்டு, 1995-ல் வெளியானது. வாக்கியம் எழுதுவதற்குப் பதில், ‘உங்க வீட்டைப் பத்தி ஏதாவது சொல்லுங்க’ என்று கேட்டார்கள்.

நம்ம வேலூர் கிராமங்களிலும் ஒரு பாடம் உண்டு. 65 வயதைக் கடந்தவர்களிடம் ‘10/66’ ஆய்வுக்குழு நடத்திய கணக்கெடுப்பில், ஒரு அளவுகோல்படி மறதி நோய் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. இன்னொன்றின்படி ஏறக்குறைய பத்தில் ஒருவர். அதே மக்கள்தான், அளவுகோல்தான் வேற. ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டார் விட்டுவிடுவதால் நிஜமான நோய் கணக்கில் வராமல் போவதும் இதில் தெரிந்தது.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டியது

மதிப்பெண் பெரியவரின் வயது, படிப்புக்கு ஏற்ப ஒப்பிடப்பட்டதா என்று கேளுங்க. ‘பர்சென்டைல் 40’ என்றால் 40 மார்க் இல்லை. அவரைப் போன்ற 100 பேரில் 40 பேர் அவருக்குக் கீழே இருக்காங்க என்று அர்த்தம். பல சோதனைகளை ஒரே நாளில் எடுத்தால், நல்லா இருக்கிறவருக்கும் ஒன்றிரண்டில் குறைவாக வருவது சகஜம். காது சரியாகக் கேட்காதது, கண்ணில் புரை, தூக்க மாத்திரை, மனச்சோர்வு, தைராய்டு, பி12 குறைபாடு... எதுவுமே மார்க்கை இழுத்துவிடும். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை.

ஒரு நாள் மார்க்கைவிட, ஆறு மாசமோ ஒரு வருஷமோ கழித்து எடுக்கும் அடுத்த மார்க் அதிகம் சொல்லும். உடனே திரும்ப எடுத்தால் பழக்கத்திலேயே கூடுதலாக வரும், அது கணக்கில்லை.

பழகின தெருவில் வழி தவறுவது, ரேஷன் கடை சில்லறையில் குழம்புவது, கேட்டதையே பத்து நிமிஷத்தில் திரும்பக் கேட்பது: இவை புதுசாக வந்திருந்தால் மார்க் 28 என்றாலும் நரம்பியல் அல்லது மனநல மருத்துவரைப் பாருங்க. கூட அவரோடு தினமும் இருப்பவர் போகணும். டாக்டர் முதலில் கேட்பது அவரிடம்தான்.